கழுவிய ரத்தத்தில் கிடைத்த நெகட்டிவ்

இருபத்தெட்டு வருட லேப் வேலையில் நான் பயந்து ஓடியது ஒரே ஒரு நாள்தான். அதற்குக் காரணமும் நானேதான்.

செல்வி கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். வலது கண் இருண்டு, கால்கள் மரத்துப்போய் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது என்று டொக்டருக்குத் தெரியும். எந்த நோய் என்பதுதான் கேள்வி. ரத்தத்தில் அக்குவாபோரின் என்ற புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி இருந்தால், கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் கெடுக்கும் என்.எம்.ஓ. இல்லையென்றால் எம்.எஸ். என்ற வேறொரு நரம்பு நோயாகவும் இருக்கலாம். எம்.எஸ். மருந்துகள் சிலவற்றை என்.எம்.ஓ.வுக்குக் கொடுத்தால் நோய் மூர்க்கமாகும். மிஞ்சிய கண்ணும் போய்விடும்.

டெஸ்டுக்கு வந்த அவள் ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் செல்கள் பச்சையாக ஒளிரும்; மைக்ரோஸ்கோப்பில் அந்த வெளிச்சம் தெரியவில்லை. நெகட்டிவ் என்று கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவள் கணவர் லேப் ஜன்னலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், கெட்டது ஒன்னும் இல்லன்னு சொன்னாங்க. மூனு தடவ மெசின்ல ரத்தத்த கழுவுனாங்கல்ல, அதான் எல்லாம் போயிருச்சு."

"டெஸ்டுக்கு ரத்தம் எப்ப எடுத்தாங்க?"

"கழுவுனதுக்கு அப்புறந்தான் மிஸ். இன்னிக்கு புது ஊசி போடப் போறாங்களாம்."

புது ஊசி என்றால் எம்.எஸ். மருந்து. மெசினில் கழுவுவதென்றால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவது; ஆன்டிபாடியும் அதோடு போய்விடும். அது எனக்குத் தெரியும். படிவத்தில் சிகிச்சை விவரக் கட்டம் காலியாக இருந்ததையும் முதல்நாளே பார்த்திருந்தேன். ஒரு போன் போட்டுக் கேட்கச் சோம்பல்.

ஓடிப்போய் போனை எடுத்து வார்டுக்குப் பேசினேன். "டொக்டர், அந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க. ஊசிய நிப்பாட்டுங்க."

"நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க?"

"ஆமா டொக்டர், நான்தான்."

அவள் வந்த அன்று, கழுவுவதற்கு முன், வேறு டெஸ்டுக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சமான சீரம் பிரிட்ஜில் இருக்க வேண்டும். கொட்டியிருப்பார்களோ என்று ஒவ்வொரு தட்டாகத் தேடினேன். கடைசித் தட்டில் கிடைத்தது, அடியில் கொஞ்சம். டெஸ்ட் முடியும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. லென்சில் கண்ணை வைத்தால், செல்களெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

என்.எம்.ஓ.தான். அந்த ஊசியைப் போடாமல் மருந்தை மாற்றினார்கள். வலது கண் திரும்பவில்லை. இடது கண் தப்பியது.

வீட்டுக்குப் போகும் நாளில் செல்வி கணவரின் கையைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வந்து என்னைக் கும்பிட்டாள். முதல் ரிப்போர்ட்டில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நெகட்டிவ் என்று எழுதுமுன், ரத்தம் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை. சந்தோஷத்தில் அந்த மனுஷன் ரத்தம் கழுவியதைத் தானாகச் சொன்னார்; அதனால்தான் தெரிந்தது.