மெர்சிங் ரூட்டும் கையெழுத்து மிஷினும்

லோரியில் சரக்கு ஏற்றிக் கடை கடையாக இறக்குகிறவனுக்கு முதுகு போவது வழக்கம். எனக்கு மானம் போனது, அதுவும் உள்ளங்கை அகல மிஷின் ஒன்றால். உங்களில் யாருக்காவது கம்பெனி இப்படி ஒன்றைக் கொடுத்து, இனி வேலை சுலபம் என்று சொல்லியிருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பயிற்சி நாள்

பிஸ்கட், சாஸ், மீன் டின் விற்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். திங்கள் பெர்மாஸ் ஜெயா, புதன் யோங் பெங், வியாழன் மெர்சிங். முன்பு கடைக்காரர் தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒருநாள் தாளை நிறுத்திவிட்டு எல்லா ஓட்டுநருக்கும் மிஷின் கொடுத்தார்கள். திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். அது உடனே ஆபீசுக்குப் போய்விடும். கையெழுத்து வராவிட்டாலும், நாம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலும், பெயருக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் ரூட்டைப் பிடுங்கி, ஸ்டோரில் ஏணி ஏறிப் பெட்டி அடுக்கப் போடுவார்கள். என் முழங்கால்கள் அந்த ஏணியில் ஒரு மாதம் தாங்காது. ரூட் போனால் வேலையே போன மாதிரிதான்.

இதை விளக்கியவர் சூப்பர்வைசர் குணாளன். என்னைவிட இருபது வயது இளையவர். ஏர்கோன் அறையை விட்டு வெளியே வந்து ஒரு பெட்டியைத் தூக்கி நான் பார்த்ததில்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் போட்டிருந்தது ஊதா நிறச் சட்டை. அத்தனை ஓட்டுநர்கள் இருக்க, என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, புரியலன்னா வெட்கப்படாம கேளுங்க. உங்களுக்காகத்தான் பட்டன்ல எல்லாம் படம் போட்டு வெச்சிருக்கோம்."

பாயின் சாப்

யோங் பெங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு மூத்தவர். நம் ஊரில் சாப் அடிக்காத தாள் தாளே இல்லை. கடையின் ரப்பர் முத்திரை விழுந்தால்தான் சரக்கு வந்ததாக அர்த்தம். மிஷினை நீட்டி விரலால் போடச் சொன்னேன். சந்தேகத்தோடு போட்டார். நான் அனுப்பும் பட்டனைத் தேடுவதற்குள், மேசையிலிருந்த சாப்பை எடுத்து, மை தொட்டு, திரையின் நடுவில் ஓங்கி ஒரு குத்து.

கடைப் பெயரும் முகவரியும் நீல நிறத்தில் சுத்தமாக விழுந்தன. குத்திய வேகத்தில் வேறு ஏதோ பட்டன் அழுந்தி, 'வாடிக்கையாளர் சரக்கை மறுத்துவிட்டார்' என்று ஆபீசுக்குப் போய்விட்டது. முதல் சிவப்பு. நான் சட்டை நுனியால் துடைக்கத் துடைக்க மை பரவியது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "துடைக்காதீங்க தம்பி! சாப் இல்லாம கொண்டுபோனா உங்களைத் திருடன்னு சொல்லிடப் போறாங்க."

வெளிநாட்டுப் பயணம்

பெர்மாஸ் ஜெயாவில் செல்வியின் மினிமார்க்கெட். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், கைப்பேசி சில நேரம் தானாகவே சிங்கப்பூர் லைனைப் பிடித்துக்கொள்ளும். மிஷினும் பிடித்துக்கொண்டது. 'ஓட்டுநர் நாட்டுக்கு வெளியே இருக்கிறார்' என்று காட்டிவிட்டு, கையெழுத்துப் போடும் கட்டத்தைத் திறக்க மறுத்தது.

குணாளனைக் கூப்பிட்டேன். "உண்மையச் சொல்லுங்கண்ணே, எங்க இருக்கீங்க?" என்றார். என் போனைச் செல்வியிடம் கொடுத்தேன். நான் தன் கண் முன்னால், மீ கோரெங் நூடுல்ஸ் பாக்கெட் பெட்டியோடு நிற்பதாகச் செல்வி சாட்சி சொன்னார். குணாளன் மிஷின் பக்கமே நின்றார். இரண்டாவது சிவப்பு. செல்வி போனைத் திருப்பிக் கொடுத்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அங்கிள், சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டு வெறுங்கையோடவா வந்தீங்க?"

கயிற்றை விட்டது

மெர்சிங்கில் தீவு ரிசோர்ட்டுக்குப் போகும் சரக்கைப் படகுத்துறையில், அதாவது ஜெட்டியில், படகுக்காரர் ஹசானிடம் ஒப்படைப்பேன். மலாய்க்காரர், எஸ்டேட்டில் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். அங்கே கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றினால் படகு தரை தட்டிவிடும். அதனால் மணி பார்த்துக் கிளம்ப மாட்டார்கள், தண்ணீர் பார்த்துத்தான் கிளம்புவார்கள். அந்த வியாழன் தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளை ஏற்றி முடித்தோம். மிஷினில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாதம் முடிய இரண்டே நாள். கையெழுத்து இல்லாமல் படகை விடுவதில்லை என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொறுமையிழந்த ஹசான் மிஷினை என்னிடமிருந்து வாங்கி, படகில் நின்றபடியே, கட்டம் திறந்ததும் விரலால் கிறுக்கினார். 'போய்ச் சேர்ந்தது' என்று பச்சை விழுந்ததைக் கண்ட சந்தோஷத்தில் கயிற்றை விட்டுவிட்டேன். மிஷின் அவர் கையில் இருந்தது. படகு நகர்ந்துவிட்டது. அடுத்த ஒன்றரை மணி நேரம், ஆபீஸ் கணக்குப்படி, நான் கடல்மேல் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது சிவப்பு. ஹசான் மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "அலாமாக் அங்கிள், திரும்ப முடியாது லா! நாளைக்குத் தண்ணி ஏறட்டும், கொண்டாரேன்!"

முறையாகச் செய்தவர்

திங்கட்கிழமை முதல் ஏணியில் நின்றேன். மெர்சிங்குக்கு வேறு ஓட்டுநரைப் போட்டார்கள். வேலையை எப்படி முறையாகச் செய்வது என்று தானே கூடப் போய்க் காட்டுவதாகக் குணாளன் மேலாளரிடம் சொன்னார். போனார். ஜெட்டியில் முதல் காரியமாக ஹசானிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு, பிறகு ஒவ்வொரு பெட்டியாக மிஷினைக் காட்டி 'பீப்' சத்தம் கேட்டபின்தான் இறக்க விட்டாராம். ஒன்பதாவது பெட்டிக்கு வருவதற்குள் தண்ணீர் வற்றிவிடும் போலிருந்தது. ஹசான், இறக்கியது போதும் என்று அந்த எட்டுப் பெட்டியோடு கிளம்பிவிட்டார்.

ரிசோர்ட்காரர் மேலாளரையே கூப்பிட்டு, அடுத்த வாரம் பழைய அங்கிள் வராவிட்டால் வேறு கம்பெனியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். லோரி சரக்கோடு திரும்பி வந்தபோது நான் நான்காம் படியில் இருந்தேன். குணாளன் மிஷினோடு வந்து ஏணிக்குக் கீழே நின்றார். திரை முழுக்கப் பச்சை, ஒரு சிவப்புகூட இல்லை. நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, சிஸ்டத்துல சரக்கு எல்லாம் போய்ச் சேர்ந்திருச்சு. லோரியில இருக்கிறத இப்ப என்ன பண்றது?"

மறு வியாழனே மெர்சிங் ரூட் என்னிடம் வந்துவிட்டது. மன்னிப்பு மட்டும் இன்னும் வரவில்லை, நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, அவசரமில்லை.