தாஹிட்டிக்குப் போகாத கோல்கீப்பர்

எனக்கு ஒன்பது வயதான வருடம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு புள்ளிப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஃபிஜி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா என்று நாடுகளின் பெயர்கள். எதிரே வெற்றி, தோல்வி, கோல் என்று நான் ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கட்டங்கள். ஹேவர்ட் என்ற அமெரிக்க ஊரில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்துத் தமிழ் வீடுகளில் எல்லாம் கிரிக்கெட் பேச்சுதான். பசிபிக் தீவுகளின் கால்பந்துப் போட்டிக்கு இடம் கொடுத்த வீடு எங்களுடையது ஒன்றே. காரணம், மாடி வீட்டு ஃபிஜி ஆண்ட்டி.

அம்மா மதியம் கம்யூனிட்டி காலேஜுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். நான் பள்ளி விட்டு வந்ததிலிருந்து அவள் திரும்பும்வரை ஆண்ட்டி கீழே வந்து என்னோடு இருப்பார். அவருடைய தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி ஃபிஜிக்குப் போனவராம். ஆண்ட்டிக்கு வீட்டுப் பேச்சு ஹிந்தி, எங்களோடு இங்கிலீஷ், தமிழில் வா, போ, சோறு, தண்ணி என்று ஏழெட்டுச் சொற்கள். முதல் நாளே அம்மா அவரிடம் பூர்வீகம் எந்த ஊர் என்று விசாரித்தாள். "மெட்ராஸ்" என்றார் ஆண்ட்டி. மெட்ராஸில் எங்கே என்று அடுத்த கேள்வி. அது அவருக்குத் தெரியவில்லை. கப்பல் ஏறிய துறைமுகத்தைத்தான் நான்கு தலைமுறையாகச் சொந்த ஊர் என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

"பாவமுங்க, சொந்த ஊரு பேரு கூடத் தெரியல" என்று அம்மா சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அதில் பாவத்தைவிடப் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. எங்கள் ஊர் ஈரோடு. அதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

ஆண்ட்டியின் தம்பி ஃபிஜி அணியின் இரண்டாவது கோல்கீப்பர். தலைநகரில் பஸ் கண்டக்டராக வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். இங்கே மதியம் மூன்று மணி என்றால் அங்கே மறுநாள் காலை பத்து. அவர் போன் செய்யத் தோதான நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஆண்ட்டி எங்கள் வீட்டில் இருப்பதால் எங்கள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். ஏப்ரலில் அவர்கள் நாட்டிலேயே தீவுகளுக்கிடையே போட்டி நடந்தபோது, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவும் போனில் வரும். அக்காவிடம் பேசி முடித்ததும் அவர் என்னைக் கூப்பிடுவார். "மிஸ் ஸ்கோர்கீப்பர், எழுதிக்கொள்ளுங்கள்" என்பார் இங்கிலீஷில். வேறு எந்தப் பெரியவரும் என்னை மிஸ் என்று கூப்பிட்டதில்லை. நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன்.

ஃபிஜி கோப்பையை வென்றது. தம்பி ஒரு நிமிடம் கூட மைதானத்தில் இறங்கவில்லை; பெஞ்சில் உட்கார்ந்தே கோப்பை வாங்கினார். ஆனால் வென்றவர்களுக்கு ஜூனில் தாஹிட்டித் தீவில் இன்னும் பெரிய போட்டி காத்திருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் வரும். அதில் ஒரு ஆட்டமாவது உனக்கு உண்டு என்று பயிற்சியாளர் அவரிடம் சொல்லியிருந்தார். நான் புது அட்டை வாங்கி, முதல் வரியில் ஃபிஜி என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மே மாதத்தில் ஒரு மதியம், நான் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது, ஆண்ட்டியின் கணவர் வேலையிடத்திலிருந்து போன் செய்து டிவியைப் போடச் சொன்னார். ஃபிஜி நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்து பிரதமரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிரதமர் ஆண்ட்டியைப் போல இந்திய வம்சாவளி. அடுத்த படத்தில் ஒரு கடைத்தெரு எரிந்தது. ஆண்ட்டி கையில் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்குப் பிறகு தம்பியின் போன்களில் ஸ்கோர் இல்லை. என்னைக் கூப்பிடுவதும் இல்லை. பெரியவர்கள் பேசியதில் எனக்கு எட்டியது இவ்வளவுதான்: ஆண்ட்டியின் அப்பா அம்மா மலைப்பக்கம் இஞ்சி பயிரிடுகிறவர்கள், அங்கே இந்தியர் வீடுகளில் புகுந்து மாட்டையும் சாமானையும் கொண்டுபோகிறார்கள், இருவரையும் அழைத்துவரத் தம்பி போகிறார், புதன்கிழமை நம் மதிய நேரத்துக்குக் கட்டாயம் போன் வரும்.

புதன் காலை அப்பா ஷூ மாட்டிக்கொண்டே, "கண்ணு, இன்னைக்குக் கம்ப்யூட்டர் பக்கம் போகாத. இன்டர்நெட் கனெக்ட் பண்ணுனா போன் எங்கேஜ்டு ஆயிரும்" என்றார். "ஐ நோ, அப்பா" என்றேன். உண்மையாகவே தெரியும். அந்த நாளில் இரண்டுக்கும் ஒரே லைன்.

இரண்டரையிலிருந்து ஆண்ட்டி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரிசீவரை எடுத்து, டோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே வைத்துவிடுவார். எனக்குக் கொடுத்த பிஸ்கெட்டைத் தானே தின்றார். அவருடைய கவலை தாஹிட்டியைப் பற்றியது என்றே நான் நினைத்தேன். போட்டிக்குச் சில நாட்களே இருந்தன. தம்பியோ மலையில் அலைந்துகொண்டிருக்கிறார். அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டால்? வேறென்ன கவலை இருக்க முடியும்?

மூன்றே முக்காலுக்கு ஆண்ட்டி, கீழே லாண்டரி ரூமில் போட்ட துணியை எடுத்து வந்துவிடுவதாகச் சொன்னார். "பத்தே நிமிடம். மணி அடித்தால் எடுத்து, ஹோல்டு பண்ணச் சொல்லிவிட்டு ஓடி வா" என்றார். நான் தலையாட்டினேன். கதவு சாத்தியதும் கம்ப்யூட்டருக்கு ஓடினேன்.

இன்டர்நெட்டில் தாஹிட்டிப் போட்டிக்கு வரும் அணிகளின் பட்டியலை எடுத்து, அதில் ஃபிஜியின் பெயரைக் காட்டினால் ஆண்ட்டி சிரிப்பார் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மோடம் கீச்சென்று கத்தி, இரைந்து, அடங்கியது. பக்கம் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஆஸ்திரேலியா. நியூசிலாந்து. தாஹிட்டி. சாலமன் தீவுகள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். ஃபிஜி இருக்க வேண்டிய இடத்தில் வனுவாட்டு இருந்தது. தப்பாக வந்திருக்கும் என்று பக்கத்தை மறுபடியும் இறக்கினேன். அதுவே வந்தது. மூன்றாம் தடவை பாதியில் நின்றுவிட்டது.

திரும்பினேன். ஹாலில் ஆண்ட்டி, இடுப்பில் துணிக்கூடையோடு, ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். மோடத்தின் இரைச்சலை அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மணி நாலு பத்து.

திட்டவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தார். வனுவாட்டு என்ற பெயரை விரலால் தொட்டார். பிறகு போன் அருகே போய் உட்கார்ந்தார். ஆறு மணிக்கு அம்மா வரும்வரை அது அடிக்கவே இல்லை.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி நர்ஸிடம் இரண்டு தடவை வயிற்றுவலி என்று போய்ப் படுத்தேன். போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஆண்ட்டி அம்மாவிடம் சொல்லியிருப்பாரோ என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன் கண்ணு இப்படி முழிக்கற?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மலைப்பக்கம் இஞ்சித் தோட்டத்தில் அந்த இருவரும் என்னால்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

திங்கள் மதியம் அம்மாவுக்கு வகுப்பு இல்லை. மூன்று இருபதுக்கு மணி அடித்தது. ஆண்ட்டி எடுத்தார். ஹிந்தியில் இரண்டு வார்த்தை பேசியதுமே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிப் போய் அவர் தோளைப் பிடித்தாள். நான் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். வீடு எரிந்துபோய்விட்டது. அப்பா அம்மாவை ஒரு லாரியில் ஏற்றி மேற்குக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார் தம்பி. அங்கே ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள். ஆண்ட்டி போனைக் கையால் மூடிக்கொண்டு இதையெல்லாம் அம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னார். வழியில் ஒரு கடையிலிருந்து புதன்கிழமை மூன்று தடவை போன் செய்தாராம், எங்கேஜ்டாகவே இருந்ததாம், லாரி கிளம்பிவிட்டதாம்.

அம்மா நிமிர்ந்தாள். "எங்கேஜ்டா? புதன்கிழமை யாரு பேசினா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"அங்கே லைன் எல்லாம் கெட்டுக் கிடக்கிறது" என்றார் ஆண்ட்டி. என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மிஸ் ஸ்கோர்கீப்பர், அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறதா?"

"இருக்கிறது."

"ஃபிஜியை அடித்துவிட்டு வனுவாட்டு என்று எழுதுங்கள்."

"தோற்றுவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. நாங்கள் போகவில்லை" என்றார்.

நான் நாற்காலியைப் போட்டு ஏறி, பெயரை அடித்துவிட்டு எழுதினேன். தோற்காமலே எப்படி ஒரு அணியை வெளியே எடுக்க முடியும் என்று ஆண்ட்டியிடம் கேட்டேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். அவர் தம்பி அடுத்த வருடம் பெற்றோருடன் நியூசிலாந்துக்குப் போய்விட்டார். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஃபிஜிக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னாள். கப்பல், நான்கு தலைமுறை, எரிந்த வீடு எல்லாம். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, நம்ம கிரீன் கார்டு எப்பங்க வரும்?"

"லாயரு இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்கறாரு. ஏன், திடீர்னு?"

"சும்மா கேட்டனுங்க."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். ஒரு கால்பந்து அணி எங்கேயோ ஆடப் போகவில்லை என்பதற்கும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய ஒரு கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. புதன்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது ஒன்றே எனக்குத் தெரிந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு பசித்தது. இன்னொரு கரண்டி தயிர் கேட்டேன்.