காற்றில் நாற்பது ஓடிய ஜீப்

பொன்னுவேல், ஏற்காடு பஸ் நிலையத்தருகே சாப்பாட்டுக் கடை நடத்திய சாந்தாமேரிக்கு நூற்றிருபது ரூபாய் பாக்கி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அது லேசுப்பட்ட தொகையா? கையில் காசு இல்லாமல் இல்லை. கேட்டவுடன் நீட்டினால் ஆம்பளைக்கு என்ன மதிப்பு?

மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். குப்பனூரிலிருந்து வந்து, காப்பி மூட்டை சுமந்தே சொந்த ஜீப் வாங்கியவர்.

அந்த ஜீப்பின் வேக மீட்டர் ஒருநாள் செத்துப்போனது. மெக்கானிக்கிடம் போவாரா அவர்? லேடீஸ் சீட் மலைமுனைப் பக்கம் குடியிருந்த முன்னாள் விமான ஓட்டி கந்தசாமி, குழாய்க்குள் மோதும் காற்றை வைத்துத்தான் விமானத்தின் வேகத்தை அளப்போம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது போதாதா! குளுக்கோஸ் குழாயை வளைத்து, குங்குமத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாயை ஜீப்புக்கு முன்னால் நீட்டிக் கட்டினார் பொன்னுவேல். காற்று அசையாத ஒரு காலையில் வாழவந்தி போகும் பஸ்ஸின் பின்னாலேயே போய், பஸ் மீட்டரைப் பார்த்து கண்டக்டர் கத்திச் சொன்ன வேகத்துக்கெல்லாம் குழாயில் கோடு கிழித்தார்.

"விமான மீட்டர் அம்முணி. சரியா இருந்தா எம்பட பாக்கி தள்ளுபடி. தப்புன்னா அங்கயே பணம்" என்று சாந்தாமேரியின் கடை வாசலில் ஜீப்பை நிறுத்திப் பந்தயம் கட்டினார்.

"ஏனுங்ண்ணா, பேச்சு மாற மாட்டீங்களே?" என்று கேட்டுக்கொண்டே ஏறினாள் சாந்தாமேரி.

நியாயம் கேட்டு கந்தசாமி வீட்டுக்கே போனார்கள். வாசலில், பள்ளத்தாக்கைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார் பொன்னுவேல். ஆடிக்காற்று அம்மியைத் தூக்கும் வேகத்தில் வந்து குழாயில் புகுந்தது. குங்குமத் தண்ணீர் நாற்பதாவது கோட்டில் போய் நின்றது.

"நிக்கிற வண்டி நாப்பது ஓடுதுங்களா?" என்றாள் சாந்தாமேரி.

வெளியே வந்த கந்தசாமி குனிந்து பார்த்தார். "மீட்டர் பொய் சொல்லலைங்க. இது காத்துல போற வேகம். தரையில நகர்ற வேகம் வேற. எதிர்காத்துல எங்களுக்கு நூறு காட்டும், கீழ அறுபதுதான் தாண்டியிருப்போம்."

பொன்னுவேலின் மீசை எழுந்து நின்றது. "கேட்டுக்க அம்முணி. விமானமே இதை நம்பித்தான் பறக்குது. பாக்கி தீந்துச்சு."

"காத்துக்குச் சரிங்ண்ணா, நான் இல்லீங்கல. ஆனா நீங்க நொம்ப நாளா தின்னது காத்து இல்லீங்களே. தரையில எலை போட்டு வெச்ச சோறுங்க."

கந்தசாமி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். பொன்னுவேல் வானத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் அரைஞாண் பைக்குள் கைவிட்டார். சாந்தாமேரி விரித்த உள்ளங்கையில், நோட்டுப் பறக்காமல் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, நூற்றிருபதையும் எண்ணி வைத்தார்.