முடிச்சூர் சாலையில் படகோட்டிய ஷகிலா அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்தின் படியேறும்போது தொலைபேசி வந்தது. ஷகிலா அக்காவின் தங்கை பேசினார். "அக்கா மவுத்தாயிட்டாங்க தம்பி. விடியக்கால சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எழுந்திருக்கல." துக்கத்தோடு கூடவே, சொன்னால் தவறாக நினைப்பீர்கள், நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மழைநாளின் பரபரப்பும் உடம்புக்குள் ஏறிவிட்டது. அக்காவை நினைத்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிறவர்கள் அவர் கடையைப் பார்த்திருப்பீர்கள். எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. கணவர் இறந்த பிறகும் கடை ஒருநாள்கூட மூடிக் கிடந்ததில்லை. உள்ளே வேலை செய்வது யார் என்று தேடுகிறவர்களிடம், ஸ்பேனரைக் கீழே வைக்காமலேயே, "நான்தான், சொல்லுங்க" என்பார்.

2005 மழையில் முடிச்சூர் மூழ்கியபோது நான் கல்லூரியில் சிக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி ஜாஸ்மின், நிறைமாதம். காலையில் போன் செய்து, வலி ஆரம்பித்துவிட்டது என்றாள். அதோடு அவள் போன் அணைந்துவிட்டது. லாரியிலும் நடந்தும் நான் தாம்பரம் வந்து சேர்ந்தபோது, அக்கா கடையின் வாசற்படிக்குச் சற்று முன்னால் சாலை முடிந்து தண்ணீர் தொடங்கியிருந்தது. ஆட்களை மீட்கக் கோவளத்திலிருந்து லாரியில் வந்த மீன்பிடிப் படகு ஒன்று அங்கே மிதந்தது. அதன் பின்பக்க இன்ஜின் ஒரு நிமிடம் ஓடி நின்றுவிட்டதாம். படகுக்காரர் ஆரோக்கியமும் கூட்டத்தில் நின்ற ஆண்களும் மாறி மாறிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பாய்ந்து போய் இழுத்தேன். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம்.

அக்கா கடையிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். "எல்லாரும் கைய எடுங்க. கோவத்துல இழுத்தா இன்ஜின் ஓடாது."

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டு நிலைமையைச் சொல்லி, இது ஓடுமா ஓடாதா என்று கத்தியேவிட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "தெரியல தம்பி. பாத்துட்டுச் சொல்றேன்."

இன்ஜினின் மூடியைக் கழற்றினார். பிளக்கை எடுத்து விரலால் தடவினார். பொறி வருகிறதா என்று சோதித்தார், நீலமாக வந்தது. "நெருப்பு கீது. ஆனா பிளக்கு காஞ்சு கீது. இவ்ளோ இழுத்தும் பெட்ரோல் வந்து சேரல." அடுத்து, வடிகட்டி அடைத்திருக்கும் என்று சொல்லி அதைத் திறந்தார். சுத்தமாக இருந்தது. "தப்பா நெனச்சுட்டேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். நடுவில் பெட்ரோலை அழுத்தி அனுப்பும் ரப்பர் பந்து இருந்தது. அது சப்பிப்போய்க் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். டேங்க் மூடியிலிருந்த சின்னத் திருகைத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ரப்பர் பந்து தானாக உப்பியது.

லாரியில் வரும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்க ஆரோக்கியம் அந்தக் காற்றுத் திருகை இறுக்கி மூடியிருக்கிறார், திறக்க மறந்துவிட்டார். காற்று போகாமல் பெட்ரோல் எப்படி வரும்? கூட்டத்தில் யாரோ அவரைக் கிண்டல் செய்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா சும்மா விடவில்லை. மெயின் சுவிட்சைப் போடாமலேயே, மோட்டார் ஓடவில்லை என்று முழுதாகப் பிரித்துப் போட்டவள் நான், என்றார். கிண்டல் செய்தவர்களும் சிரித்துவிட்டார்கள். பிறகு பந்து கல்போல் ஆகும்வரை அழுத்திவிட்டு, கயிற்றை ஆரோக்கியத்தின் கையிலேயே கொடுத்தார்.

இரண்டாவது இழுப்பில் இன்ஜின் உறுமியது! முடிச்சூர் சாலையில் அப்படியொரு கூச்சலை நான் கேட்டதில்லை. பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பெண் துணை வேண்டும் என்று அக்காவும் ஏறிக்கொண்டார். மின்கம்பங்களை அடையாளம் வைத்துத் தெருத் தெருவாகத் திரும்பினோம். எங்கள் வீட்டு மாடிப்படியில், பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்கிப் பிடிக்க, ஜாஸ்மின் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழி முழுக்க அக்கா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "மூச்ச அடக்காதம்மா, நல்லா விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் மகள் பிறந்தாள்.

அந்தப் படகு அன்று மாலைவரை ஓடியது, மறுநாளும் ஓடியது. எத்தனை பேரைக் கரையேற்றினீர்கள் என்று பிறகு அக்காவிடம் கேட்டபோது, எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார்.

நல்லடக்கத்துக்குக் கோவளத்திலிருந்து ஆரோக்கியமும் வந்திருந்தார்.

என்னிடம் அக்காவின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. நான் வைத்திருப்பது மகள் பிறந்த மறுநாள் காலையை மட்டும்தான். செய்தி சொல்ல ஓடி வந்து தண்ணீரோரம் நின்றேன். அவருடைய கடையின் பெயர்ப்பலகைக்கு முன்னால் படகு வந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம் முன்னால் உட்கார்ந்திருக்க, பின்னால் இன்ஜின் பிடியைப் பிடித்து ஓட்டியது அக்கா. "பொண்ணா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். ஆமாம் என்று இரு கைகளையும் தூக்கிக் காட்டினேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தபடி இன்ஜினை முழு வேகத்துக்கு முறுக்கினார். படகு மூக்கை உயர்த்திக்கொண்டு பாய்ந்தது. எழும்பிய அலை என்னை இடுப்புவரை நனைத்தது.