ஜெசி தானே போட்ட கையெழுத்து

போன வருஷம் தவக்காலம் தொடங்கின கிழமை, ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ர ஸ்கேன் துண்டைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையில் கட்டி இருக்கு, வெட்டித்தான் எடுக்க வேணும்" என்றார். அதற்கு முதலே பல மாதமாய் இரத்தம் போய்ப் போய் நான் வெளுத்துப் போயிருந்தேன். நடந்தால் நிலம் பஞ்சு மாதிரி இருக்கும். ரோட்டில் பஸ் போகிற சத்தம் தண்ணிக்கடியில் இருந்து கேட்கிற மாதிரி இருக்கும். கொட்டாஞ்சேனை வெயிலே அந்த நாட்களில் எனக்கு மெல்லிய துணியால் மூடின மாதிரித்தான் தெரிந்தது.

ஜெபக்கூட்டத்தில் எழும்பி நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. வாயைத் திறக்க முதல் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். அதால்தான் எழுதித் தாறன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சாவுக்கு நான் பயப்படவில்லை. என்ர பயம் முழுக்க ஜெசிதான். எனக்கு ஒரே மகள். இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்குக் காது போய்விட்டது, பேச்சும் வரவில்லை. அவளின்ர அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். அவரும் நெஞ்சு வலியில் போய்விட்டார். அன்றையில் இருந்து ஒவ்வொரு நாளும் நான் கேட்டது ஒரே ஜெபம். "ஆண்டவரே, அவளுக்கு ஒரு நாளாவது பிந்தி என்னை எடும்." பெற்ற பிள்ளை எனக்கு முன்னம் சாக வேணும் என்று ஒரு தாய் கேட்கிறாளே என்று நினைப்பீர்கள். கேட்டேன். வேற வழி தெரியவில்லை.

நானும் ஜெசியும் இடியப்பம் அவித்து, புதுக்கடையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளுக்குக் குடுத்து வாழ்கிறோம். இடியப்ப உரலைப் பிழிகிறது அவள்தான். அவளின்ர பங்கை, அவள் சின்னவளாய் இருக்கும்போதே சந்தி வங்கியில் திறந்த சின்னப்பிள்ளைகளின் சேமிப்புப் புத்தகத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். பதினெட்டு வயது முடிந்ததும் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டா, நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கணக்கைத் தன்ர பொறுப்பில் எடுக்க வேணும் என்று. அந்தக் கடிதத்தை நான் மாதாவின் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவள் கையெழுத்துப் போடப் பழகினால் ஆரும் அவளை ஏமாற்றி எதிலும் கையெழுத்து வாங்கலாம் என்று பயம். நாலு வருஷம் அப்படியே போனது. காசு போட விட்டார்கள். எடுக்கத்தான் ஏலாமல் இருந்தது, எனக்கும் ஏலாது, அவளுக்கும் ஏலாது.

ஒப்பரேஷன் என்றதும் வெள்ளவத்தையில் இருக்கிற என்ர தம்பியிடம் ஓடினேன். நல்ல மனுசன்.

"அக்கா, நீ ஏன் இப்பிடி நடுங்கிறாய்? காசை என்ர பேருக்கு மாத்து. உனக்கு ஒண்டு நடந்தா ஜெசியை நான் பாக்க மாட்டனோ?" என்றான்.

"நீ கனடாவுக்கெல்லோ விசாவுக்குப் போட்டிருக்கிறாய்?"

"அது எப்ப வருமோ, ஆருக்குத் தெரியும்! வந்தா அவளையும் கூப்பிடுவம்."

எனக்கு அது போதும் என்று இருந்தது. அடுத்த நாளே வங்கிக்குப் போனேன். அங்கே தமிழ் கதைக்கிற முஸ்லிம் மிஸ் ஒருவர் இருந்தா. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"புள்ளைக்கு இருபத்திரண்டு வயசாம். இது இப்ப அவட காசும்மா. உங்கட தம்பிக்கு மாத்த உங்களுக்கு ஏலா. புள்ளை வரட்டும்."

"மிஸ், அவளுக்குக் காது கேக்காது, வாயும் பேசாது."

"கையெழுத்து என்ன காதாலயா போடுற?" என்றா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவவுக்கு அது விளங்கியிருக்க வேணும், குரலைத் தாழ்த்தி, "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. தம்பியும் வரட்டும். புள்ளை சம்மதிச்சா நான் செஞ்சு தாறன்" என்றா.

வீட்டுக்கு வந்து ஜெசிக்குக் கையால் எல்லாம் சொன்னேன். புதன், பன்னிரண்டு, வங்கி, மாமா. அவள் என்ர முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி உரலைக் கழுவப் போனாள்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். வழக்கம் போல சனம். மெழுகு உருகின மணம், துறைமுகத்துக் கப்பலின் ஊதல், சிங்களத்திலும் தமிழிலும் முணுமுணுப்பு. எல்லாம் ஒன்றாய்க் கலந்து என்னைத் தாலாட்டின மாதிரி இருந்தது. வாங்குப் பலகையில் இருந்தபடியே கண் சொருகிவிட்டது. அந்த அரைத் தூக்கத்தில் வெள்ளவத்தைக் கடல் தெரிந்தது. அலையே இல்லை. ஜெசி அதற்கு மேலால் நடந்து போகிறாள், சட்டை ஓரம்கூட நனையவில்லை. "ஜெசி! ஜெசி!" என்று கத்துகிறேன். அவள் திரும்பவில்லை. அவளுக்குக் கேட்காது என்பது கனவிலும் எனக்குத் தெரியும், ஆனாலும் கத்துகிறேன். அவளோ மெதுவாய், ஒரு அவசரமும் இல்லாமல் நடந்துகொண்டே இருந்தாள். கண் முழித்தபோது கையில் இருந்த மெழுகுதிரி வளைந்து போயிருந்தது. கெட்ட கனவு என்றுதான் நினைத்தேன். என்ர வழக்கம் அப்படி, எதைக் கண்டாலும் முதலில் கெட்டதாய்த்தான் எடுப்பேன்.

புதன்கிழமை காலை எனக்கு இரத்தச் சோதனை. பத்து மணிக்குள் வந்து ஜெசியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று, அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனனான். திரும்பி வரும்போது மருதானையில் ஆமிக்காரர் பஸ்ஸை நிற்பாட்டினார்கள். சண்டைக் காலம்தானே, எங்கேயோ குண்டுப் புரளி, ரோட்டெல்லாம் அடைப்பு. எல்லோரையும் இறக்கி வெயிலில் வரிசையாய் நிற்க விட்டார்கள். அடையாள அட்டையை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். ஜெசியின் மட்டையும் கையோடு வந்தது.

அந்த மட்டையைப் பற்றிச் சொல்ல வேணும். புதுக்கடையில் மனு எழுதிக் குடுக்கிறவரிடம் சொல்லி, சிங்களத்தில் டைப் அடித்து, பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருந்தேன். "இந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. நில் என்று சத்தம் போட்டாலும் நிற்க மாட்டாள். தயவுசெய்து சுட வேண்டாம்." கடைசி வரியை அடிக்க முதல் அந்த மனுசன் ஒருக்கால் என்னைப் பார்த்தார். பிறகு அடித்தார். அந்த மட்டை எப்பவும் என்ர பையில்தான் இருக்கும். அவள் துலைத்துப்போடுவாள் என்று நான் குடுக்கவில்லை. நான் இல்லாமல் அவள் எங்கே போகப் போகிறாள்?

வரிசை நகர இரண்டு மணித்தியாலம் ஆனது. நல்ல வேளை அவள் வீட்டில் இருக்கிறாள் என்று கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே நின்றேன். தம்பியும் வெள்ளவத்தையில் அடைபட்டிருப்பான், இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. என்ர சாவியால் திறந்து உள்ளே போனேன். உரல் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சேமிப்புப் புத்தகம் இல்லை.

சகோதரங்களே, அந்த நேரம் எனக்கு என்ன நடந்தது என்று எழுத ஏலாது. எங்கட வீட்டு ஒழுங்கைக்கும் வங்கிச் சந்திக்கும் நடுவில் மண்மூட்டை அடுக்கின ஆமிக் காவலரண் இருக்கு. மட்டை என்ர கையில். நடந்தேனா மிதந்தேனா தெரியாது. காலுக்குக் கீழே ரோட்டு இல்லை. வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை, "அவளோட போம், அவளோட போம்" என்று மட்டும் வந்தது. அன்றைக்குத்தான் முதல் தரம் நான் எனக்கு ஆயுள் கேட்காமல் ஜெபம் செய்தேன்.

வங்கிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். ஜெசி அந்த மிஸ்ஸுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள், முதுகு நேராய். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடதாசி. ஒருவர் எழுத, மற்றவர் வாசித்து, திருப்பி எழுத, அப்படியே அமைதியாய்ப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் அவர்கள் இருந்த இடம் மட்டும் கோயில் மாதிரி இருந்தது.

என்னைக் கண்டதும் மிஸ் கடதாசியை என் பக்கம் தள்ளினா. ஜெசியின் எழுத்து. சின்ன வயதில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சில வருஷம் படித்தவள். பிறகு ரோட்டுக்குப் பயந்து நான்தான் மறித்தேன். எழுத்தை மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். இப்படி எழுதியிருந்தாள்:

"மாமா நல்லவர். மாமா கனடா போவார். நான் இங்கே இருப்பேன். காசும் இங்கே இருக்கட்டும். என் பேர் போதும். அம்மாவுக்கு ஒப்பரேஷன். நான் காசு எடுக்க வேண்டும்."

கீழே கையெழுத்து. முழுப் பெயர், அப்பாவின் பெயரும் சேர்த்து.

"பாருங்கம்மா, உங்கட கையெழுத்த விட வடிவு" என்றா மிஸ். உண்மைதான். என்ரது கோழி கிண்டின மாதிரி. அழுதுகொண்டே சிரித்தேன்.

காவலரணை எப்படித் தாண்டினாய் என்று கையால் கேட்டேன். அவளும் கையால் சொன்னாள். ஆமிக்காரர் கூப்பிட முதலே தூரத்தில் நின்று, அவர் தன்ர முகத்தைப் பார்க்கும் வரைக்கும் அசையவில்லையாம். பிறகு காதைத் தொட்டுக் கையை ஆட்டினாளாம். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நீட்டினாளாம். அவர் புத்தகத்தைக் காட்டி, காசு எண்ணுகிற மாதிரி விரலை ஆட்டி, எனக்கும் பங்கு இருக்கா என்று சைகையில் கேட்டாராம். இவள் விரலை ஆட்டி இல்லை என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டு வழிவிட்டாராம். நான் வருஷக்கணக்காய்ப் பயந்த இடத்தில் என்ர பிள்ளை பகிடி விட்டுப்போட்டு வந்திருக்கிறாள். ஆண்டவர் கூடப் போகாமல் இது நடந்திருக்குமா?

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டி கெட்டது இல்லை என்று சோதனைத் துண்டு வந்தது. நான் வார்ட்டில் கிடந்த நாளெல்லாம் ஜெசி தானே கணக்கில் எடுத்து, மருந்து வாங்கி, சூப்பும் கொண்டு, மட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தனியே வந்தாள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது, கட்டில் காலடியில் அவள் நின்றாள். அந்த வெளிச்சத்தில் எனக்கு அவள் ஒரு நிமிஷம் ஆரோ பெரிய மனுசி மாதிரித் தெரிந்தாள். ஆரென்று யோசித்துவிட்டுத்தான் மகள் என்று கண்டுபிடித்தேன்.

தம்பிக்கு ஆவணியில் விசா வந்தது. போகும்போது என்ர கையைப் பிடித்து, "அக்கா, அண்டைக்கு ரோட்டை மறிச்சது நல்லதாப் போச்சு. உன்ர காசோட நான் அங்க போய் என்ன செய்யிறது?" என்றான். ஜெசி இப்ப தன்ர சேமிப்பில் இரண்டாவது அடுப்பும் பெரிய உரலும் வாங்கியிருக்கிறாள். அவளோடு படித்த, அவளைப் போலவே காது கேட்காத தோழி ஒருத்தியும் வந்து வேலை செய்கிறாள். அவளையும் அதே வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகம் திறந்து குடுத்தது ஜெசிதான். குசினியில் இரண்டு பேரும் கையால் கதைத்துச் சிரிக்கும்போது எதைப் பற்றி என்று எனக்கே விளங்காது. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

ஒரு நாள் பிந்தி என்று நான் இப்ப கேட்கிறதில்லை. கர்த்தருக்கு எப்ப விருப்பமோ அப்ப எடுக்கட்டும். அவர் நான் கேட்டதைத் தரவில்லை. நான் கேட்கத் தெரியாமல் இருந்ததைத் தந்தார். அவருக்குத் தோத்திரம்.

இதை வாசிக்கிறவர்களில் கண் தெரியாத, நடக்க ஏலாத, பேச ஏலாத பிள்ளையை வைத்துக்கொண்டு என்னைப் போல பயந்து கிடக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளையின் பேரில் ஒரு புத்தகம் திறவுங்கோ. அதைப் பிள்ளையின் கையிலேயே குடுங்கோ. கவுண்டருக்கு முன்னால் பிள்ளை நிற்கட்டும், நீங்கள் ஒரு அடி பின்னுக்கு நில்லுங்கோ. பயம் வரும். எனக்கு இன்றைக்கும் வருகிறது, அவள் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைகிற நேரமெல்லாம். வந்தால் வரட்டும். நடுங்குகிற கையையும் ஆண்டவர் பிடிப்பார். நீங்கள் பிள்ளையின் கையை மட்டும் விடுங்கோ.