எழுவாய் தேடும் லாம்பர்ட்

வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டதும் லாம்பர்ட் மாமா அந்த நிலையிடமே மன்னிப்புக் கேட்கிறார். "தப்பு என்னோடதுதான்." பல வருடமாக அதே இடம். அம்மா அங்கே மெத்தைத் துண்டு ஒன்றை ஆணியடித்து வைத்தாள். அதிலிருந்து மாமா சற்றுத் தள்ளி இடித்துக்கொள்கிறார்.

அமெரிக்காக்காரர். ஜப்பானில், கனஸாவாவில் எங்களுக்கு அடுத்த தெரு. அம்மாவின் நாவல்களை ஆங்கிலமாக்கியவர். அவற்றைப் பற்றி இவர் எழுதிய விமர்சனங்கள் நாவல்களைவிடக் கனம். சாப்பாட்டுக் கடைகளில் இவருக்கு மட்டும் முள்கரண்டி வைப்பார்கள். மறுக்காமல் எடுத்து முதுகைச் சொறிந்துகொள்வார். பிறகு குச்சிகளால் சாப்பிடுவார்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இது முதல் மழைக்காலம். அவளுடைய கடைசி நாவலின் கடைசி வரியில் மாமா சிக்கிக் கிடக்கிறார்: "பார்க்கணும் போல இருக்கு." யாருக்கு, யாரை என்பது கிடையாது. எங்கள் மொழிக்கு அது போதும். ஆங்கிலத்துக்குப் போதாது.

கதையில் ஒரு கிழவி. கணவன் இறந்துவிட்டான். மகன் ஒசாகாவில் லிஃப்ட் பழுதுபார்க்கிறான். நானும் ஒசாகாவில் லிஃப்ட்தான் பழுதுபார்க்கிறேன்; இப்போது லீவில் வந்திருக்கிறேன். யாரை என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

மீன்கடையிலும் கேட்டார். "தொகியே அக்கா, ஒரு அம்மா 'பார்க்கணும் போல இருக்கு'ன்னா யாரைச் சொல்றா?"

"எதிர்ல நிக்கிற ஆளை இல்லை வாத்தியாரே, அது நிச்சயம். கானாங்கெளுத்தி வேணுமா, வேணாமா?"

மீனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையை இடித்துக்கொண்டார். கூடத்தில் இறந்தவர்களைக் கும்பிடும் மாடத்தின் முன்னால் மண்டியிட்டு மணியை அடித்து, அம்மாவின் படத்தோடு சண்டைக்குப் போனார். "ஷிகெனோம்மா, இது நியாயமா? ஒரு 'அவனை' போட்டிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?"

"உயிரோட இருக்கும்போதே கேட்டிருக்கலாமே மாமா."

"கேட்டேனே! 'படிக்கிறவங்களுக்குத் தெரியும்'னு சொல்லிட்டு முள்ளங்கி நறுக்கப் போயிட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சே இல்ல? யாருன்னு தோணிச்சு?"

"கடைசி வரியை மட்டும் படிக்க முடியலை. அம்மா குரல் கேக்குது."

மாமா மண்டியிட்டபடியே முன்னால் நகர்ந்து, வாசலைப் பார்த்திருந்த அம்மாவின் படத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, நான் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திருப்பிவைத்தார்.