கேப்டனை அறைந்த நாள்

புனேவை ஒட்டிய ஆகுர்டியில், ஒரு தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு நான் தலைமைப் பயிற்சியாளராக இருந்தேன். தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தோம். கேப்டன் சேகர்தான் மற்றவர்களை எனக்கெதிராகத் தூண்டிவிடுகிறான் என்று உறுதியாக நம்பினேன்.

ஐந்தாவது ஆட்டத்தின் இடைவேளையில், "ஏலே, என்னைய கவுக்கப் பாக்கியாலே?" என்று கத்தி, எல்லோர் முன்னாலும் அவனை ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. மறுபடியும் அடித்தேன். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

இரண்டாம் பாதியில் மற்ற பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். எதிரணி கோல் மேல் கோல் போட்டது. சேகர் மட்டும் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே ஒவ்வொரு பந்துக்கும் ஓடினான். முழங்காலில் உதை வாங்கி விழுந்தான். எழுந்து மறுபடி ஓடினான்.

பார்க்கப் பொறுக்காமல் உள்ளே ஓடி அவன் கையைப் பிடித்தேன். "போதும்லே. என்னைய மன்னிச்சிரு."

கையை உதறினான். "உங்களுக்காக ஓடல சார். எனக்குத் தோக்கப் பிடிக்காது, அவ்ளோதான். இன்னொரு வாட்டி கை வெச்சா திருப்பி அடிப்பேன்."

அன்றே வேலையை விட்டேன். அந்த நான்கு தோல்விகளில் ஒருமுறைகூட அவனை உட்காரவைத்து, என்ன பிரச்சினை என்று நான் கேட்டதில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.